நடக்க முடியாத சிறுவன் எல்லோரையும் ஆட வைத்தான்!

அந்தக் குழந்தைக்கு நாலரை வயது ஆகும்வரை நடக்க வரவில்லை.

மற்றப் பிள்ளைகள் தெருவில் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். அவன் மட்டும் வீட்டுக்குள் தரையில் உட்கார்ந்திருந்தான். கால் இருந்தும் காலில் பலம் இல்லை.

அதே குழந்தை பிற்காலத்தில் நடனத்துக்கென்றே மெட்டுகள் அமைத்தான். அந்த மெட்டுகளைக் கேட்டால் கால்கள் சும்மா இருப்பதில்லை. கிழவர்களும் தாளம் போடுவார்கள். அவன் இறந்து 90 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்த மெட்டுகளுக்கு மட்டும் வயதாகவில்லை.

அவர்தான் ஸ்காட்லாந்து நாட்டின் பிரபல "பேக் பைப்" கலைஞர் ஜார்ஜ் ஸ்டூவர்ட் மெக்லெனன்.

அவருடைய கதையைப் பார்ப்போம்.

போலீஸ் அதிகாரியின் மகன்

ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோ. அங்கே 1883-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஜார்ஜ் பிறந்தான். தந்தை ஜான் மெக்லெனன் போலீஸ் அதிகாரி.

போலீஸ் வேலை பார்த்தாலும் தந்தையின் மனம் முழுவதும் சங்கீதத்தில்தான் இருந்தது. தலைமுறை தலைமுறையாகப் பேக் பைப் வாசித்த குடும்பம் அது. பழைய மெட்டுகளை முன்னோர்கள் எப்படி வாசித்தார்கள் என்று அவர் ஆராய்ச்சி செய்தார். அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார்.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த குழந்தையை இளம்பிள்ளை வாதம் தாக்கியது.

அந்தக் காலத்தில் அந்த நோய்க்குத் தடுப்பு மருந்து கிடையாது. அமெரிக்க டாக்டர் ஜோனாஸ் சால்க் கண்டுபிடித்த தடுப்பூசி 1955-ல்தான் வந்தது. ஜார்ஜ் குழந்தையாக இருந்தபோது, நோய் வந்தால் வந்ததுதான். பிழைப்பதும் தேறுவதும் அவரவர் அதிர்ஷ்டம்.

மகன் நடப்பானா, மாட்டானா என்று தெரியாமல் பெற்றோர் தவித்தார்கள்.

கையில் கொடுத்த குழல்

தந்தை ஒரு காரியம் செய்தார். மகன் கையில் சின்னக் குழல் ஒன்றைக் கொடுத்தார்.

அது பழகுவதற்கு என்று உள்ள குழல். அதில் பை கிடையாது. வாயில் வைத்து நேராக ஊத வேண்டும். பேக் பைப் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லோரும் முதலில் இதில்தான் பழகுவார்கள்.

கால்தான் சோர்ந்திருந்தது. விரல்கள் நன்றாக இருந்தன. தரையில் உட்கார்ந்தபடியே குழந்தை வாசிக்கப் பழகினான்.

நாலரை வயதுக்குப் பிறகு மெல்ல நடை வந்தது. நாளடைவில் உடம்பு நன்றாகத் தேறியது. ஆனால் நடை வருவதற்குள்ளேயே, நடைக்கும் நடனத்துக்கும் உரிய தாளம் அவனுக்குள் புகுந்துவிட்டது.

சின்னப் பையனாக இருக்கும்போதே போட்டிகளில் கலந்துகொண்டான். பரிசுகள் வந்து குவிந்தன. பத்து வயதில் விக்டோரியா மகாராணியின் முன்னால் வாசிக்கும்படி அழைப்பு வந்தது. தரையில் உட்கார்ந்திருந்த பையன் மகாராணியின் முன்னால் நின்று வாசித்தான்!

பேக் பைப் என்பது என்ன?

ராணுவ அணிவகுப்புகளில் சிலர் அக்குளில் ஒரு பையை இடுக்கிக்கொண்டு ஊதிச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் பேக் பைப்.

அந்தக் காலத்தில் பையை ஆட்டுத் தோலால் செய்வார்கள். ஒரு குழாய் வழியாக வாயால் ஊதிப் பையில் காற்றை நிரப்ப வேண்டும். பிறகு கையால் பையை அழுத்த வேண்டும். காற்று குழல்களுக்குள் பாயும்.

பையிலிருந்து மூன்று குழல்கள் தோளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அவை ஒரே சுருதியை விடாமல் ஒலிக்கும். அதாவது ஒத்து ஊதும் வேலை அவற்றுக்கு.

கீழே ஒரு குழல் உண்டு. விரல்கள் விளையாடுவது அதில்தான். மெட்டு வருவது அதிலிருந்துதான். அதில் மொத்தம் ஒன்பதே ஸ்வரங்கள்.

ஒவ்வொரு குழலுக்குள்ளும் நாணலால் செய்த சீவாளி இருக்கும். காற்றுப் பட்டதும் அது துடிக்கும். அந்தத் துடிப்புத்தான் சத்தம்.

இந்த வாத்தியத்தில் இரண்டு பெரிய சங்கடங்கள் உண்டு.

ஒன்று: சத்தத்தைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. எப்போதும் ஒரே அளவு.

இரண்டு: நடுவில் நிறுத்த முடியாது. பையில் காற்று இருக்கும்வரை சத்தம் வந்துகொண்டே இருக்கும்.

நடனமாடுகிறவனுக்கு என்ன வேண்டும்? எந்த இடத்தில் அடி விழுகிறது என்று தெரிய வேண்டும். மத்தளத்தில் என்றால் அந்த இடத்தில் ஓங்கித் தட்டலாம். பிடிலில் என்றால் வில்லை அழுத்தி இழுக்கலாம். பேக் பைப்பில் அழுத்தவும் முடியாது, ஓங்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது!

அப்படியானால் தாளம் எங்கிருந்து வரும்?

விரலில் இருக்கிறது தாளம்

இதற்கு ஸ்காட்லாந்துக் கலைஞர்கள் பல தலைமுறைகளாக ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

ஒரு ஸ்வரத்தை வாசிக்கும் முன்னால், வேறொரு விரலைக் கண் இமைக்கும் நேரத்துக்கு எடுத்து வைப்பார்கள். சடக்கென்று ஒரு குட்டி ஸ்வரம் வந்து மறையும். அடுத்து வரும் ஸ்வரம் ஓங்கி அடித்ததுபோலக் கேட்கும். இதை விரல் வெட்டு என்று சொல்லலாம்.

சில இடத்தில் ஒரு வெட்டு. சில இடத்தில் இரண்டு, மூன்று வெட்டுகள் சேர்ந்து வரும். சுண்டு விரல் குழலை வருடிப் படபடவென்று சத்தம் எழுப்புவதும் உண்டு.

இன்னொரு வழி, நேரத்தை நீட்டுவதும் குறுக்குவதும். அடி விழ வேண்டிய ஸ்வரத்தைக் கொஞ்சம் நீளமாகப் பிடிப்பார்கள். பக்கத்து ஸ்வரத்தைக் குறுக்கிவிடுவார்கள். சத்தம் கூடவில்லை. ஆனாலும் காதுக்கு அடி விழுந்ததுபோல இருக்கும்.

பேக் பைப் கலையின் ரகசியமே இதுதான். இந்த ரகசியத்தில் ஜார்ஜ் மெக்லெனன் கரை கண்டவர். அவர் விரல்களில் ஒரு வெட்டுக்கூடத் தவறாது, மங்காது என்று பெயர் எடுத்தார்.

கப்பலா, பட்டாளமா?

பதினாறு வயதில் ஜார்ஜுக்குக் கடல் மேல் ஆசை வந்தது. வியாபாரக் கப்பலில் சேர்ந்துவிட வேண்டும் என்று எண்ணினான்.

தந்தைக்கு அது பிடிக்கவில்லை. கப்பலில் போனால் சங்கீதம் என்ன ஆகும்? அவர் முந்திக்கொண்டார். 1899-ஆம் ஆண்டு மகனைக் கார்டன் ஹைலாண்டர்ஸ் என்ற பட்டாளத்தில் சேர்த்துவிட்டார்.

நடக்கவே வராது என்று பயந்த பிள்ளை இப்போது பட்டாளத்தோடு நடந்தான்!

ஸ்காட்லாந்துப் பட்டாளங்களில் பைப் வாசிப்பவர்களுக்குத் தனி மரியாதை உண்டு. விடியற்காலையில் எழுப்புவது பைப். சாப்பாட்டுக்கு அழைப்பது பைப். அணிவகுத்துப் போகும்போது முன்னால் போவதும் பைப்தான். மாலையில் சிப்பாய்கள் நடனமாடவும் அதுவே வாத்தியம்.

1905-ல், இன்னும் வாலிபனாக இருக்கும்போதே, முதல் பட்டாலியனின் "பைப் மேஜர்" பதவி ஜார்ஜுக்குக் கிடைத்தது. பைப் கோஷ்டிக்கு அவர்தான் தலைவர், ஆசிரியர் எல்லாம். அனுபவம் மிக்க கலைஞர்களுக்குக் கிடைக்கும் பதவி அது.

இரண்டு தங்கப் பதக்கங்கள்

பேக் பைப் சங்கீதத்தில் இரண்டு பிரிவுகள் உண்டு. ஒன்று "பெரிய இசை". அது மெதுவாகவும் கம்பீரமாகவும் போகும். வீரர்களின் மரணம், போர், பிரிவு முதலியவற்றைச் சொல்லும். அதற்கு யாரும் ஆட மாட்டார்கள். உட்கார்ந்து கேட்பார்கள்.

மற்றொன்று "சின்ன இசை". நடை மெட்டு, நடன மெட்டு எல்லாம் இதில் சேரும்.

பெரிய இசைக்கு ஓபன் என்ற ஊரிலும் இன்வர்னஸ் என்ற ஊரிலும் ஆண்டுதோறும் போட்டி நடக்கும. இந்த இரண்டு ஊர்களிலும் தங்கப் பதக்கம் வாங்குவதே பைப் கலைஞர்களின் கனவு. ஆயுள் முழுவதும் முயன்றும் ஒரு பதக்கம்கூடக் கிடைக்காதவர்கள் பலர்.

ஜார்ஜ் 1904-ல் ஓபன் பதக்கத்தை வென்றார். அடுத்த ஆண்டே இன்வர்னஸ் பதக்கத்தையும் தட்டிக்கொண்டு வந்தார்.

பெரிய இசையில் தங்கம் வாங்கியவர் சின்ன இசையை அலட்சியம் செய்யவில்லை. அவருக்கு அழியாத பெயரைக் கொடுத்தது அந்தச் சின்ன இசைதான்.

நான்கு வகை ஆட்டம்

ஸ்காட்லாந்து நடன மெட்டுகளில் முக்கியமானவை நான்கு வகை. பேர்தான் புதிது. தாளத்தைக் கையில் போட்டுப் பார்த்தால் எளிதில் விளங்கும்.

முதல் வகை "ஸ்ட்ராத்ஸ்பே". ஸ்பே என்ற ஆறு பாயும் பள்ளத்தாக்கின் பெயர் இது. நான்கு அடிகள் கொண்ட தாளம். ஸ்வரங்கள் சமமாக வராது. நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று வரும். திடீரென்று முறை மாறிக் குட்டை முதலில், நீளம் பிறகு என்று துள்ளும். இந்தத் துள்ளல்தான் ஸ்காட்லாந்து இசையின் முத்திரை. ஒரே இடத்தில் நின்று, ஒரு காலில் குதித்துக் குதித்து ஆடும் "ஹைலாண்ட் பிளிங்" என்ற நடனம் இதற்குத்தான் ஆடப்படுகிறது.

இரண்டாவது "ரீல்". இது வேகம். ஸ்வரங்கள் உருண்டு ஓடும். நூல் உருளையிலிருந்து நூல் அவிழ்வதுபோல நிற்காமல் போகும். ஆடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் சுற்றி, எட்டுப் போட்டதுபோல வளைந்து வளைந்து வருவார்கள்.

மூன்றாவது "ஜிக்". இதில் ஒவ்வோர் அடிக்கும் மூன்று ஸ்வரங்கள். தகிட, தகிட என்று சொல்லிப் பாருங்கள். அதுதான் ஜிக்.

நான்காவது "ஹார்ன்பைப்". கப்பல் மாலுமிகளின் ஆட்டமாகப் பெயர் பெற்றது. ஒவ்வோர் அடியும் உறுதியாக, அழுத்தமாக விழும்.

போட்டிகளில் ஒரு கடுமையான சோதனை உண்டு. முதலில் நடை மெட்டு, உடனே ஸ்ட்ராத்ஸ்பே, உடனே ரீல் வாசிக்க வேண்டும். இடையில் நிறுத்தக் கூடாது. தாளம் மாறும் இடத்தில் விரல் தடுமாறினால் பரிசு போயிற்று.

இந்தப் போட்டிகளில் ஜார்ஜும், வில்லி ராஸ் என்ற மற்றொரு பைப் மேஜரும் பல தடவை மோதினார்கள். அந்தக் காலத்தின் தலைசிறந்த கலைஞர்களாக இருவரையும் மக்கள் கொண்டாடினார்கள்.

சொட்டுத் தண்ணீரில் பிறந்த மெட்டு

ஜார்ஜ் பழைய மெட்டுகளை வாசித்ததோடு நிற்கவில்லை. தாமே ஏராளமான மெட்டுகளை அமைத்தார்.

ஒரு நாள் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் அவர் காதில் விழுந்தது. சொட்டு, சொட்டு என்று அது விழுந்த தாளத்தையே பிடித்து ஒரு மெட்டு அமைத்தார் என்று சொல்வார்கள். அதற்குச் "சின்ன அருவி" என்று பெயர் வைத்தார். எதிர்பாராத இடங்களில் அடி விழும் அபூர்வ மெட்டு அது. நல்ல கலைஞர்களும் அதைக் கண்டால் ஒரு கணம் யோசிப்பார்கள்.

அயர்லாந்தில் கில்வொர்த் என்ற இடத்தில் ராணுவ முகாம் இருந்தது. அங்குள்ள குன்றுகளின் பெயரால் ஒரு மெட்டு அமைத்தார். மாலையில் பட்டாளம் கலையும் நேரத்தில் வாசிக்கும் அமைதியான மெட்டு அது.

"இன்வெரன் ஊர் மெக்பர்சன் அம்மாள்" என்ற பொருள்படும் பெயரில் ஒரு ரீல் இருக்கிறது. அந்த அம்மாளின் கணவர் ஆங்கஸ் மெக்பர்சனும் பைப் கலைஞர். கோடீசுவரர் ஆண்ட்ரூ கார்னெகியிடம் பைப் வாசித்தவர். பிறகு இன்வெரனில் ஓட்டல் நடத்தினார். சாதாரண ரீலில் இரண்டு அல்லது நான்கு பகுதிகள் இருக்கும். ஜார்ஜ் அமைத்த இந்த ரீலில் ஆறு பகுதிகள்! இன்றும் போட்டிகளில் இது ஒரு சோதனைக் கல்.

அவர் அமைத்த ஜிக்குகளில் ஒன்று பைப்பை விட்டே வெளியே போய்விட்டது. பிடில்காரர்களும் அக்கார்டியன்காரர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். கல்யாணங்களிலும் ஊர் விருந்துகளிலும் அதற்கு ஆடுகிறார்கள். ஆடுகிறவர்களில் பலருக்கு, அதை அமைத்தவர் யார் என்பது தெரியாது.

போர்க்களத்தில்

1914-ல் முதல் உலகப்போர் மூண்டது. நான்கு ஆண்டுகள் ஐரோப்பா ரத்தக்களமாயிற்று. பைப் வாசித்துக்கொண்டே முன்னால் சென்று உயிர் இழந்த கலைஞர்கள் பலர்.

1918-ல் ஜார்ஜ் போர்முனையில் இருந்தார். அங்கே அவர் நோய்வாய்ப்பட்டார். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்று நீரை எடுத்தார்கள்.

பைப் கலைஞருக்கு மூச்சுதான் மூலதனம். குழந்தைப் பருவத்தில் அவருடைய காலைப் பிடித்த விதி, இப்போது நெஞ்சைப் பிடித்தது.

ஆனாலும் அவர் குழலைக் கீழே வைக்கவில்லை. போர் முடிந்த பிறகும் போட்டிகளுக்குப் போனார். பரிசுகள் பெற்றார்.

சீவாளி செய்த கைகள்

1922-ல் ஜார்ஜ் பட்டாளத்தை விட்டு விலகினார். அபர்டீன் நகரில் சிறு தொழில் தொடங்கினார். பேக் பைப்புக்கு வேண்டிய சீவாளிகள் செய்து விற்றார்.

இது பொறுமை வேண்டும் தொழில். நாணலைப் பிளந்து, கத்தியால் மெல்லியதாகச் சீவ வேண்டும். இரண்டு தகடுகளைச் சேர்த்துச் சணல் நூலால் கட்ட வேண்டும். கொஞ்சம் தடித்தால் ஊத முடியாது. கொஞ்சம் மெலிந்தால் சுருதி நிற்காது.

மகாராணி முன்னால் வாசித்தவர், தங்கப் பதக்கங்கள் வென்றவர், நாணல் சீவிப் பிழைப்பதா என்று அவர் எண்ணவில்லை. அந்தச் சீவாளிகளை வாங்கக் கலைஞர்கள் தேடி வந்தார்கள். தம் மூச்சுக் குறைந்து வந்த காலத்தில், மற்றவர்களுடைய மூச்சு நாதமாக மாற அவர் வழி செய்துகொண்டிருந்தார்.

ஊர் திரண்டது

நெஞ்சு நோய் நாளுக்கு நாள் முற்றியது. 1929-ஆம் ஆண்டு மே 31-ந் தேதி ஜார்ஜ் மெக்லெனன் காலமானார். அப்போது அவருக்கு வயது 46.

அபர்டீன் நகரமே துக்கத்தில் ஆழ்ந்தது. இறுதி ஊர்வலத்தைக் காண வீதியின் இரு பக்கமும் ஆயிரக்கணக்கானவர்கள் கூடினார்கள். அவர் மந்திரி அல்ல. பணக்காரர் அல்ல. பட்டாளத்தில் பைப் வாசித்தவர், பிறகு சீவாளி செய்தவர். அவருக்குத்தான் அவ்வளவு கூட்டம்!

இன்றும் ஒலிக்கிறது

அவர் வேலை பார்த்த கார்டன் ஹைலாண்டர்ஸ் பட்டாளம் இன்று தனியாக இல்லை. 1994-ல் அதை வேறொரு பட்டாளத்தோடு இணைத்துவிட்டார்கள்.

ஆனால் அவருடைய மெட்டுகளைக் கலைக்க யாராலும் முடியவில்லை. அவை புத்தகமாக வந்தன. இசைத் தட்டுகளில் ஏறின. ஸ்காட்லாந்திலும், ஸ்காட்லாந்து மக்கள் குடியேறிய கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய நாடுகளிலும் மாணவர்கள் அவற்றைப் பயிலுகிறார்கள். பைப் வாசிப்பவர்களிடம் ஜி.எஸ். என்று இரண்டு எழுத்தைச் சொன்னால் போதும். யார் என்று தெரிந்துகொள்வார்கள்.

கோடைகாலத்தில் ஸ்காட்லாந்துக் கிராமங்களில் விளையாட்டு விழாக்கள் நடக்கும். பச்சைப் புல் மேடையில் சிறுமிகள் கட்டம் போட்ட பாவாடை அணிந்து, கைகளை உயர்த்தி, நுனிக் காலில் துள்ளி ஆடுவார்கள். ஓரத்தில் ஒரே ஒருவர் நின்று பைப் வாசிப்பார். மத்தளம் கிடையாது. தாளம் முழுவதும் அவருடைய விரல்களிலிருந்துதான் வர வேண்டும்.

சத்தத்தைக் கூட்ட முடியாத வாத்தியம். நிறுத்த முடியாத வாத்தியம். ஒன்பதே ஸ்வரங்கள் உள்ள வாத்தியம். அதை வைத்துக்கொண்டுதான் ஜார்ஜ் மெக்லெனன் அத்தனை கால்களையும் ஆட வைத்தார்.

குறை இருக்கிறதே என்று வாத்தியத்தை அவர் நொந்துகொள்ளவில்லை. பலம் எங்கே இருக்கிறது என்று தேடினார். அது விரல் நுனியில் இருந்தது. மகன் நடக்கவில்லையே என்று தவித்த தந்தை, அவன் கையில் ஒரு குழலைக் கொடுத்த அன்றே அந்தத் தேடல் தொடங்கிவிட்டது.